பால்மரம் வெட்டிய எங்கள் பூட்டி

மத்தேயு முதல் அதிகாரத்தை ஆசையோடு வாசித்தவர் நம் வாலிபர் கூட்டத்தில் யாராவது உண்டா? அந்தப் பகுதி வரும் வாரத்தில் வாசிக்கிறவர் பாவம், பெயர்களோடு மல்லுக்கட்டுவார். மற்றவர்கள் எப்போது முடியும் என்று காத்திருப்போம். ஆனால் அந்தப் பட்டியலில் ரூத்தின் பெயர் இருக்கிறது. வேற்று நாட்டிலிருந்து வந்து, வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைத்த விதவை அவர். எங்கள் குடும்பத்திலும் கிட்டத்தட்ட அப்படி ஒருவர் இருந்தார். தாத்தாவின் அம்மா, எங்களுக்குப் பூட்டி.

நாங்கள் அக்கா தங்கை இருவர், இருவரும் தாதியர். பூட்டியை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் பிறக்கும் முன்பே போய்விட்டார். அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த அத்தை சொல்லித்தான் இவ்வளவும் தெரியும். அப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் பழைய கதை" என்று பேச்சை மாற்றிவிடுவார். பட்டணத்துப் பள்ளியில் 'தோட்டத்துப் பிள்ளை' என்று கேலி வாங்கியவர் அவர். அதனால் நாங்களும் அவரை நெருக்கவில்லை.

பூட்டிக்கு ஊர் தரங்கம்பாடிப் பக்கம். 1929ல், கல்யாணமான புதிதில், கங்காணி ஒருவர் பேச்சைக் கேட்டு பூட்டனும் அவரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு வேதாகமம். பூட்டிக்கு வாசிக்கத் தெரியாது, பூட்டன் வாசிப்பாராம். இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோமே, அதற்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். அங்கே இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைந்து கிடந்து, பிறகு காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள்.

வேலையைப் பற்றி அத்தை சொல்லும்போது நாங்கள் வாய் திறக்காமல் கேட்போம். விடியுமுன் பெரட்டு. பெயர் கொடுத்துவிட்டு இருட்டிலேயே நிரைக்குப் போகவேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். ஒருவருக்கு முந்நூறு, நானூறு மரங்கள். மரத்துக்கு மரம் ஓடி, முந்தின நாள் வெட்டின் மேல் உறைந்திருக்கும் கோட்டுப்பாலை உரித்து, பட்டையை மெல்லிசாகச் சீவி, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரம். கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தில் பட்டால் காயம் ஆறி, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. ஆழம் குறைந்தால் பால் வராது. "ஒங்க பூட்டி கை அவ்வளவு சன்னம்" என்பார் அத்தை. நரம்பு கிடைக்காத நோயாளியின் கையில் ஊசி ஏற்றும்போது எங்களுக்கு இது நினைவுக்கு வரும். எத்தனை ஆழம் என்பது கைக்குத்தான் தெரியும், புத்தகத்தில் படித்து வராது.

வெட்டி முடித்து, பால் எடுத்து, காண்டாவில் இரண்டு வாளி தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்தக் காலத்தில் அரசாங்கம் வைத்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. நிரையும் வாளியும் ஒன்றுதான், காசில் மட்டும் வித்தியாசம். அடுத்த ஆண்டே ரப்பர் விலை விழுந்து, அது 40, 32 ஆனது. ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இவர்கள் எப்படியோ தப்பினார்கள். 1934ல் தாத்தா பிறந்தார்.

1942ல் ஜப்பான்காரன் வந்தான். வெட்டு நின்றது. தோட்டமெல்லாம் மரவள்ளி, உடுத்துவதற்குச் சாக்கு. மறு ஆண்டு சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொன்னார்களாம். சொல்லை நம்பிப் போனவர்கள் கொஞ்சம், லோரியில் பிடித்துப் போடப்பட்டவர்கள் அதிகம். பூட்டன் எந்த வகை என்று அத்தைக்குத் தெரியாது. தாத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. லோரியின் பின்னால் ஓடியது மட்டும் கடைசிவரை அவருக்கு ஞாபகம் இருந்தது.

415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். மழைக்காலத்தில் முகாம் முகாமாகக் காலரா பரவியது. நோய் முற்றினால் ஒரே நாளில் பத்து லிட்டருக்கும் மேல் நீர் வெளியேறும். மருந்து என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்; போன நீரையும் உப்பையும் திருப்பி உள்ளே கொடுத்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் பிழைப்பார்கள், கொடுக்காவிட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, உப்புக் கரைத்து, மூங்கிலைச் சீவிக் குழாய் செய்துகூட ஏற்றினார்கள். நம் ஆட்களின் முகாம்களில் பெரும்பாலும் அதைச் செய்ய ஒருவரும் இல்லை. வார்டில் சலைன் பை மாற்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டிருக்க முடியாது, வேலை ஓடாது. ஆனால் நினைக்காமலும் இருக்க முடிவதில்லை.

பூட்டன் திரும்பவில்லை. செத்தார் என்று கடிதமும் வரவில்லை, கூடப்போய்த் திரும்பி வந்தவர்களில் பார்த்தேன் என்று சொன்னவரும் இல்லை. பூட்டி தாலியைக் கழற்றவில்லை. இரண்டாம் கல்யாணப் பேச்சு வந்ததாம். "அவரு வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மறுபடியும் வெட்டுக்குப் போய்த் தாத்தாவை வளர்த்தார், லோரி ஓட்டுநராக்கினார், ஞாயிறுதோறும் தோட்டத்துச் சிறு ஆலயத்துக்கு நடந்தார்.

அவர் கடைசிவரை வைத்திருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1969ல் அமலானது. அக்கம்பக்கத்து லயன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஆட்கள் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். பூட்டிக்கு வெட்டு வேலை போயிற்று. ஊரில் தம்பி இருக்கிறார், வரச்சொல்லிக் கடிதம் போடுகிறார். அப்போது அத்தைக்குப் பதின்மூன்று வயது. கடிதத்தை வாசித்துக் காட்டியது அவர்தான். பூட்டி கேட்டுவிட்டு, "நான் அங்க போயிட்டா அவரு எங்கன்னு தேடுவாரு?" என்றாராம். லோரி போய் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்திலேயே இருந்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, 1984ல் அங்கேயே கண்ணை மூடினார்.

போன வருஷம் அப்பா, அத்தை, நாங்கள் இருவர் காஞ்சனபுரிக்குப் போனோம். போகலாம் என்று முதலில் சொன்னது அப்பாதான், அதுவே எங்களுக்கு ஆச்சரியம். போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார்கள். பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கிறது. அத்தை இரண்டு வரிசை நடந்து பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க எங்கடா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. வெயிலில் அங்கேயே வெகு நேரம் நின்றோம்.

திரும்பி வந்தபின் அப்பா வீட்டு வேதாகமத்தின் முன்பக்கத்தைத் திறந்தார். குடும்பத்தாரின் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் பக்கம். அதுவரை அது தாத்தாவில்தான் தொடங்கியது. மேலே இருந்த சின்ன இடத்தில் பூட்டன், பூட்டி பெயர்களை எழுதி, பக்கத்தில் 'பால்மரத் தொழிலாளர்' என்று இருவருக்கும் போட்டார். பூட்டி பெயருக்கு எதிரே 1984. பூட்டனுக்கு 1943 என்று எழுதச் சொல்கிறார் அத்தை. "பாட்டியே சொல்லலையே, நான் எப்படி எழுதுறது?" என்கிறார் அப்பா. இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.