மலைக்கோட்டையில் கேட்ட மன்றாட்டு

சென்ற கோடையில் ஒரு மாலைப்பொழுது, திண்டுக்கல் மலைக்கோட்டையின்மீது நண்பர் ஒருவருடன் நின்றிருந்தோம். தொலைவில் சிறுமலைத் தொடர். இப்பால் மழை காணாத செம்மண் நிலங்களும் வற்றிய குளங்களும். கீழே நகரினுள் புனித சூசையப்பர் ஆலயம் தெரிந்தது. அக்காட்சியில் மனம் கரைந்த நண்பர், மெல்ல ஒரு கீர்த்தனையைப் பாடத் தொடங்கினார். பஞ்சத்தைத் தீர்த்தருள இறைவனை மன்றாடும் பாடல் அது. இயற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்த இக்கத்தோலிக்கர், மாயூரத்தில் 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தவர். 1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இச்சமவெளியும் அதற்குத் தப்பவில்லை. திண்டுக்கல் வழியே மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875இல். மறு ஆண்டே பஞ்சமும் வந்தது. இரயிலில் தானியம் வரலாம். வாங்கக் காசு வேண்டுமே! பலர் பிழைப்புத் தேடி இலங்கைக்குக் கப்பலேறினர். 1872இல் கட்டி முடிந்த அவ்வாலயத்தில், வெறும் வயிற்றோடு முழந்தாளிட்டவர் எத்தனை பேரோ!

பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைப் பசித்தோர்க்கு வழங்கினார். அக்கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் புகழ்ந்து பாடினார். ஆயினும், ஒருவரது கைப்பொருள் எத்தனை வயிறுகளை நிரப்பும்? கொடுத்துக் கை ஓய்ந்த இடத்தில்தான் அப்பாட்டுப் பிறந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. நெடுங்காலம் பிறர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர், ஏழைகளின் வழக்கைத் தாமே ஏந்தி இறைவன் சந்நிதியில் நின்றார். அன்புள்ள ஆண்டவர் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்ற தவிப்பும், அவரையன்றி வேறு கதியில்லை என்ற உறுதியும் அவர் நெஞ்சில் ஒருங்கே போராடியிருக்கும்.

"இப்படி முறையிடுவது விசுவாசக் குறைவாகாதா?" என்று கேட்டோம்.

"தாவீது முறையிடவில்லையா? சிலுவையில் நம் ஆண்டவரே 22ஆம் சங்கீதத்தை எடுத்துச் செபிக்கவில்லையா? முறையிடுகிறவன் வாசலை விட்டுப் போய்விடவில்லை ஐயா, தட்டிக்கொண்டல்லவா நிற்கிறான்!" என்றார் நண்பர்.

இறங்கும் வழியில் ஆலய மணி ஒலித்தது. அன்பர்களே, நம் இல்லங்களிலும் நோயும் கடனும் இழப்பும் வரும். அவ்வேளையில் வாயடைத்து இருப்பதே பக்தி என்று எண்ண வேண்டாம். தாராளமாக முறையிடுவோம், ஆனால் பிள்ளையவர்களைப் போல், முதலில் நம் கையைத் திறந்துவிட்டு முறையிடுவோம்.