ஒற்றைச் செம்பருத்தி வரிசை

அச்சரப்பாக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், வஜ்ரகிரி மலை தெரிகிற தூரத்தில் ஒரு நர்சரி. சென்னையிலிருந்து மினி வேன்கள் வந்து மொத்தமாகச் செடி ஏற்றிப்போகிற இடம். வீட்டுத் தோட்டத்துக்குத் தேன்சிட்டு வர என்ன வைக்கலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அந்தச் செடிகள் யார் கையில் உருவாகின்றன என்று பார்க்க, மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது அங்கே போனேன்.

கேட்கிறவர்களில் பாதிப்பேர் கைபேசியில் ஹம்மிங்பேர்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அந்தப் பறவை இங்கே வராது. அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி உலகில் வேறெங்கும் அது கிடையாது. நமக்கு வாய்த்தது தேன்சிட்டு. அதற்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கப் பழகியது ஹம்மிங்பேர்டு. தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். ஆகவே அதற்குப் பூவை மட்டும் கொடுத்தால் போதாது, உட்காரக் கிளையும் வேண்டும்.

பச்சை நிழல்வலைக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் கவர் ரொப்பிக்கொண்டிருந்தார்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றும் கலந்த குவியல் நடுவில். கையால் அள்ளிப் போட்டு, கவரை இரண்டு தட்டு தட்டி, மறுபடி அள்ளிப் போட்டு, கட்டைவிரலால் ஓரத்தை அழுத்துகிறார்கள். அதிகம் அழுத்தினால் வேர் இறங்காது, தளர்வாக விட்டால் தண்ணீர் ஊற்றியதும் மண் உள்வாங்கிவிடும். கூலி கவர் எண்ணிக்கைக்குத்தான். அதனால் பேச்சு ஓடினாலும் கை நிற்பதில்லை.

குச்சி வெட்டுவது மூத்தவரான ஓர் அக்காவின் வேலை. பென்சில் பருமனில், மூன்று நான்கு கணு இருக்கும்படி, கணுவுக்குக் கீழே சாய்த்து ஒரே வெட்டு. நசுங்கினால் அழுகிவிடும் என்பதால் கத்தியை அடிக்கடி தீட்டிக்கொள்கிறார். அடி இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகுகிறார். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும்.

"குருவிக்கு எது பிடிக்கும், அக்கா?"

"அடுக்குச் செம்பருத்தி ஆவாது, தம்பி. ஒத்தப் பூ வையுங்க. ஜனங்க கேக்குறது அடுக்கு, குருவி வர்றது ஒத்தையில."

அவர் சொன்னதில் தாவரவியல் இருக்கிறது. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும். பார்வைக்கு நிறைவு, தேனுக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். அன்று நான் கண்டதும் அதுதான். அடுக்குப் பூக்கள் நிறைந்த பாத்தியில் ஒரு சிட்டும் இறங்கவில்லை. வேலியோரம் தாய்ச்செடியாக விட்டிருந்த பழைய சிவப்பு ஒற்றைச் செம்பருத்திக்கு ஊதாப்பிட்டத் தேன்சிட்டுகள் மாறி மாறி வந்தன. இட்லிப்பூவுக்கும் ஹமேலியாவுக்கும்கூட வந்தன. ஹமேலியா அமெரிக்கச் செடி. அதன் சொந்த மண்ணில் ஹம்மிங்பேர்டுகள் நாடும் குழல்பூவை இங்கே தேன்சிட்டு தேடி வருகிறது. இரண்டு பறவைகளும் சந்தித்துக்கொள்ளும் இடம் அந்தப் பூ ஒன்றுதான் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொட்டகையோரம் ஒரு மாமரம். அதில் புல்லுருவி ஏறியிருந்தது. வெட்டிவிடச் சொல்லியிருக்கிறார் உரிமையாளர். மரத்துக்கு அது கெடுதல்தான், மறுக்க முடியாது. ஆனால் அதன் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதில் தேன்சிட்டுக்குள்ள பங்கைப் பற்றிப் பறவையியலாளர் சலீம் அலி 1931-லேயே கொங்கணப் பகுதியைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு கிளையையாவது விட்டுவைக்கலாமே என்று கேட்டேன். மழைக்கு முன்னால் பார்க்கலாம் என்றார்.

நிழல்வலையின் ஒரு மூலையை மட்டும் யாரும் பெருக்குவதில்லை. அங்கே தொங்கும் கட்டுக்கம்பியில் பெண்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. ஒட்டடையை இழுத்து இழுத்துச் சுற்றி, பட்டைத் துணுக்கும் சருகும் புழுவின் எச்சமும் ஒட்டி, வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரமும் வைத்திருந்தது. இரண்டு முட்டைதான் இடும். குஞ்சு பொரிக்க இரண்டு வாரம், பறக்க அதற்கும் சற்று மேல். அதுவரை பூவாளியோடு சுற்றிப் போகிறார்கள். அக்கா பிறந்தது வேடந்தாங்கல் பக்கம். 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட்டைக் கலைக்கக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தந்தது மருந்துதான். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வராமல் இருக்காது. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடி முழுக்கப் பரவி, பூவின் தேனிலும் சேரக்கூடியவை. குஞ்சுகள் வளர்வதோ தேனால் அல்ல; தாய் கொண்டுவரும் பூச்சியாலும் சிலந்தியாலும்தான். இங்கே தாய்ச்செடிகளுக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடிக்கிறார்கள். விற்பனை வரிசைக்கு என்ன அடிக்கிறார்கள் என்று கேட்டபோது பதில் தெளிவாக வரவில்லை. செடி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கவிடலாமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, சாயம் சேர்க்காமல் வைக்கிறார்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் புளிக்கும், எறும்பும் மொய்க்கும். வருடம் முழுக்க ஏதாவது பூக்கிற மண்ணில் அது தேவையில்லை என்பதே என் எண்ணம். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு ஒற்றைச் செம்பருத்தி, ஒரு இட்லிப்பூ, ஒட்டடை அடிக்காத ஒரு மூலை, இவ்வளவு போதும்.

கிளம்பும்போது உரிமையாளர் கணக்கைச் சொன்னார்: அடுக்கு வகைக்கு நல்ல விலை, ஒற்றையை யாரும் கேட்பதில்லை. இந்த வருடம் ஒரு வரிசை மட்டும் ஒற்றைக்கு ஒதுக்கியிருக்கிறார், அதுவும் அக்காவின் வற்புறுத்தலால். ஆடிக்குள் அவை விற்றால்தான் அடுத்த வருடம் அந்த வரிசைக்குக் கவர் ரொப்புவார்களாம்.