ரேடியேட்டருக்குப் பேதி மருந்து

எங்கள் பாகூர் பக்கத்தில் ரேடியேட்டர் என்றால் டிராக்டரின் முன்பக்கம் இருப்பது. என்ஜினின் சூட்டைத் தணிக்க வந்த சாமான். அதே பெயரில் ஒரு சாமானை வீட்டுச் சுவரில் மாட்டி, மனுஷனுக்குச் சூடேற்றுவார்கள் என்று ஏரிக்கரை டீக்கடையில் சொன்னால், 'பெரியவருக்கு என்னவோ ஆயிடுச்சு' என்பார்கள்.

ஆனால் பாகூர், வில்லியனூர் பக்கம் பிரான்சில் சொந்தக்காரர் இருப்பது அதிசயமில்லை. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. எங்கள் மாப்பிள்ளை அப்படி ஒரு குடும்பத்துப் பேரன். மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் பாரீசுக்கு வடக்கே சார்செல் போய் இறங்கினோம். நல்ல பனிக்காலம்.

அங்கே சமையலறை மூலையில் கேஸ் பாயிலர். தண்ணீரைக் கொதிக்க விடாமல் சூடாக்கும். ஒரு பம்ப் அதைக் குழாய் வழியே அறை அறையாகத் தள்ளும். ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இரும்புப் பலகை மாதிரி ரேடியேட்டர். சூட்டை அங்கே இறக்கிவிட்டுத் தண்ணீர் மறுபடி பாயிலருக்கே திரும்பிவிடும். நம்ம போர்செட் மாதிரிதான். வயலுக்குப் பாயாமல் கிணற்றுக்கே திரும்புகிற தண்ணீர், அவ்வளவுதான்.

குழந்தை பிறந்து இருபதாம் நாள். மாடியில் குழந்தை அறை மட்டும் ஜில்லென்று ஆகிவிட்டது. கைக்குழந்தை இருக்கும் அறைக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டுமாம். சுவரில் இருந்த மானி 15 காட்டியது. ரிப்பேர் கம்பெனிக்குப் போன் போட்டால், "பத்து நாள் கழித்து வருகிறோம்" என்றார்கள். பத்து நாளில் இங்கே ஒரு கல்யாணமே நடத்திவிடலாம்!

"ஏங்க, ஒரு சட்டியில கரித்தணல் போட்டு ரூம்ல வெச்சா என்ன?" என்றாள் என் மனைவி.

மகள் அலறிவிட்டாள். "வேணாம்மா! கதவு ஜன்னலைச் சாத்தின ரூம்ல கரி எரிஞ்சா ஆளையே கொன்னுடும்!"

உண்மைதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். நம்ம ஊர் சாம்பிராணிச் சட்டியே காற்றோட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

நான் ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன். கீழ்ப்பாதி சூடு. மேல்பாதி பச்சைத் தண்ணி.

"மாப்பிள்ளை, இது ஏர் புடிச்சிருக்கு" என்றேன்.

நாற்பது வருஷம் மோட்டார் கொட்டகையில் நின்றவனுக்கு இது தெரியாதா? மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. உள்ளே காற்று இருந்தால் பம்ப் சும்மா சுற்றும். இங்கேயும் அதே காற்றுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சூடானதும் பிரிந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது இருக்கிற இடத்துக்குச் சுடுதண்ணீர் வராது. வீட்டிலேயே உயரமான இடம் மாடி அறை. காற்று அங்கேதான் போய்ச் சேரும்.

"ஆமாம் மாமா, அதை எடுக்கிறதுக்கு இங்க 'பூர்ஜ்'னு பேரு" என்றார் மாப்பிள்ளை. பிரெஞ்சில் பேதி மருந்துக்கும் அதே சொல்தானாம். நம்ம பாட்டிகள் விளக்கெண்ணெய் கொடுத்த மாதிரி!

பாயிலரை நிறுத்தி, ஆற விட்டோம். சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். ரேடியேட்டரின் மேல் மூலையில் சின்னத் திருகு. அதற்கென்றே சதுர ஓட்டை வைத்த சாவி உண்டு. கீழே கிண்ணம், கையில் துணி. அரைச் சுற்றுதான் திருப்பினேன். 'உஸ்ஸ்ஸ்...' ஒரு நிமிஷம் பெருமூச்சு. பிறகு துப்பல், கடைசியில் கறுப்புத் தண்ணீர் ஒழுங்காக வந்ததும் மூடிவிட்டேன். காற்று போன இடத்துக்குத் தண்ணீர் வேண்டுமே! பாயிலரில் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தது. மாப்பிள்ளை குழாயைத் திறந்து ஒன்றரைக்கு ஏற்றினார்.

ஒரு மணி நேரத்தில் மானி 19. பேத்தி குல்லாய் இல்லாமல் தூங்கினாள்.

எல்லா நோய்க்கும் பேதி மருந்தாகாது. மேலே சூடாக, கீழே ஜில்லென்று இருந்தால் அடியில் துருச் சேறு. ஏரிக்குத் தூர் வாருவது மாதிரி கழுவ வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஒரு ரேடியேட்டர் மட்டும் மொத்தமாகக் குளிர்ந்திருந்தால், வால்வுக்குள் இருக்கும் ஊசி சிக்கியிருக்கலாம். வாரா வாரம் காற்று சேர்ந்தால் எங்கேயோ ஒழுக்கு.

அந்த ஊரில் எனக்கு பாஷை தெரியாது, பஸ் தெரியாது. பொட்டலம் மாதிரி சோபாவில் கிடந்தவனுக்கு மறுநாளிலிருந்து மரியாதையே தனி. மூன்று புதுச்சேரிக் குடும்பங்கள் போன் போட்டுவிட்டன: "பாகூர் மாமா வந்திருக்காராமே? ஏர் எடுப்பாராமே?"

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து என் மனைவியின் குரல்: "விசாவுல இங்க வேலை செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு... ஞாபகம் இருக்கட்டும்!"