பொலி வரை

என் வீட்டுக் கணினிக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. 2012-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சென்னை ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கி வந்து, நண்பர் ஒருவர் எங்கள் கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பூட்டித் தந்தது. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்தட்டு. தெருவிலேயே வேகமான கணினி இதுதான் என்றார் நண்பர். தெருவில் வேறு கணினி இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

முதுமை அதற்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. விசையை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு வன்தட்டிலிருந்து மரங்கொத்தி கொத்துவது போல ஒரு ஓசை. கடைசியாக, தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் அளவு மின்கலம் செத்துப்போனது. அதன் விளைவு விசித்திரமானது. ஒவ்வொரு நாள் காலையிலும் என் கணினி 2012 ஜனவரி 1-ஆம் தேதி கண் விழித்தது. நான் மறந்து அப்படியே இணையத்துக்குள் நுழைந்தால், வலைத்தளங்கள் உள்ளே விட மறுத்தன. தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களின் செல்லுபடிக் காலம் அந்தத் தேதியில் இன்னும் தொடங்கவே இல்லையல்லவா? தேதியைத் திருத்தினாலும் தொல்லை தீரவில்லை. விண்டோஸ் 7-ஐ அதன் நிறுவனம் 2020 ஜனவரியிலேயே கைவிட்டது. 2023 தொடக்கத்தில் குரோம் உலவியும் கைவிட்டது. உள்மதிப்பீட்டு மதிப்பெண்களை ஏற்ற வேண்டிய தளம் ஒரு நாள் வெள்ளைப் பக்கத்தை மட்டும் காட்டியது. மறுநாள் துறைத்தலைவர் அறையில் கைபிசைந்து நின்றேன். நாற்பத்தேழு வயதில் அப்படி நிற்பது அவ்வளவு நன்றாக இல்லை.

பெரிய கடைத்தெருவில் பழுது பார்க்கும் தம்பியிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை ஊதிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், போர்டு நல்லா இருக்கு. ஸ்லோவுக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மொழியில் எழுதுகிறேன். பழைய வன்தட்டுக்குள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டும், அதன் மேல் அங்குமிங்கும் ஓடிப் படிக்கும் ஒரு சிறு கையும் இருக்கின்றன. ஒரு கோப்பின் துண்டுகள் பத்து இடங்களில் கிடந்தால் கை பத்து இடங்களுக்கும் போய்வர வேண்டும். எஸ்எஸ்டி எனப்படும் புதிய வகையில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை, சில்லுகள் மட்டுமே. செயலியை மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே பழைய கணினி இளமை பெற்றுவிடும் என்றார். கூடவே இன்னொரு 4 ஜிபி நினைவகம், ஒரு மின்கலம். மொத்தம் ஐயாயிரத்துக்குள் முடியும். ஆனால் விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்காது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் அதற்குத் தகுதி. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. "புதுசு வாங்கலாம் சார், ஆனா இப்ப ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு" என்றார். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து வந்த விலையேற்றம் அது. எங்கோ ஓர் இயந்திரம் கவிதை எழுதக் கற்றுக்கொள்வதற்கான விலையில் ஒரு பங்கைக் கும்பகோணத்துத் தமிழ் ஆசிரியனும் தர வேண்டியிருக்கிறது.

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். "ஐயாயிரமா, நாற்பதாயிரமா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. யோசிக்க வேண்டியது அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் பதினோரு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை.

என் முனைவர் பட்ட நெறியாளர், ஓய்வு பெற்ற பின்னும் முன்னும் முப்பது ஆண்டுகள், காவிரிப் படுகை ஊர்களில் நடந்து வேளாண் வழக்குச் சொற்களைச் சேகரித்தார். அஞ்சலட்டை அளவில் வெட்டிய தாள்களில், சொல்லுக்கு ஒன்றாக, நாலாயிரத்துச் சொச்சம் அட்டைகள். சொல், பொருள், சொன்னவர், ஊர். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணுவதற்கு ஓர் அட்டை. முற்றும் வெற்று நெல்லாகிய பதருக்கும், பாதி மணி பிடித்த கருக்காய்க்கும் உள்ள வேறுபாட்டுக்கு இரண்டு அட்டைகள். இந்தக் கணினியை நான் வாங்கியதே அவற்றைத் தட்டச்சிடத்தான். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு ஐயா வருவார். அவர் அட்டையைப் படிப்பார், நான் தட்டுவேன். படித்துக்கொண்டே வருபவர் இடையில் நிறுத்தி, "தம்பி, இதையும் சேர்த்துக்கோ" என்று அட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்வார். இப்படி இரண்டரை ஆண்டுகள். பகரத்தில் 'பொலி' என்ற சொல்லுக்கு வந்திருந்தோம். தூற்றிக் குவித்த நெற்குவியல். அந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு ஐயா வரவில்லை. 2014 டிசம்பரில் காலமானார்.

மிச்சத்தை முடித்து நூலாக்குகிறேன் என்று அவர் வீட்டம்மாவிடம் சொன்னேன். அவர் அட்டைப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அது பரணில் இருக்கிறது. முதலில் துக்கம், பிறகு பணிச்சுமை, பிறகு மகளின் படிப்பு. அண்மை ஆண்டுகளில் யாராவது கேட்டால், "கணினி சரியில்லை" என்று சொல்லப் பழகியிருந்தேன். ஒரு பழுதுபட்ட கணினி இவ்வளவு மரியாதையான காரணமாக இருக்கும்போது அதைப் பழுது பார்க்க யாருக்கு மனம் வரும்?

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தவள், மரங்கொத்தி ஓசையைக் கேட்டுவிட்டு விசையை அணைத்தாள். "எதை வாங்கறதுன்னு அப்புறம் யோசிங்கப்பா. முதல்ல உள்ள இருக்கறத வெளிய எடுக்கணும். இது எந்த நிமிஷமும் போயிடும்." நான் 2013-இல் குறுந்தகடு ஒன்றில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருப்பதாகப் பெருமையோடு எடுத்து வந்தேன். அதன் மேற்பூச்சு சிப்ஸ் போல உரிந்து விரலோடு வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வன்தட்டைக் கழற்றி, சில நூறு ரூபாய் விலையுள்ள ஓர் இணைப்பானில் மாட்டித் தன் மடிக்கணினியில் செருகினாள். எழுத்துக்கு ஒரு கோப்பாகப் பதினாறு கோப்புகள். பதினைந்து வந்தன. சகரம் வரவில்லை. மூன்று வெவ்வேறு மென்பொருள்களால் முயன்றாள், விடியற்காலை வரை. வரவில்லை.

சகரத்துக்கான அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன, மறுபடி தட்டச்சிடலாம். ஆனால் "இதையும் சேர்த்துக்கோ" என்று அவர் சொன்னவை அட்டைகளில் இல்லை. நான் அன்று ஏன் அவற்றைத் தனியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கணினியில் ஏறிவிட்டதே என்ற நம்பிக்கைதான்.

வந்த பதினைந்தும் பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளுக்காகவே விண்டோஸ் எக்ஸ்பியை வன்தட்டின் ஒரு பகுதியில் விட்டுவைத்திருந்தேன். லிப்ரே ஆபிஸ் அவற்றைத் திறந்தது. திறந்ததும் மகள் முகம் வாடியது. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. "ஃபைல் கெட்டுப்போச்சுப்பா."

கெடவில்லை. அது பாமினி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகக் கண்ணுக்குத் தெரியும். தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை ஒட்டியது அது. நான் தட்டச்சு இளநிலை தேறியவன். திரையில் விரலை ஓட்டி அந்தக் குப்பையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கருக்காய்: பாதி பால் பிடித்து நின்ற நெல்." அவள் என்னை வியப்போடு பார்த்தாள். இருபது ஆண்டு ஆசிரிய வாழ்வில் நான் பெற்ற வியப்புகளில் இதற்கு முதலிடம் தருவேன்.

தமிழ் எழுத்துகள் யூனிகோடில் 1991-லிருந்தே இருக்கின்றன. தமிழக அரசு 2010-இல் அதை முறைப்படி ஏற்றது. நான் 2012-இல் பாமினியில் தட்டிக்கொண்டிருந்தேன். விரல் பழகிய வழியை விட முடியவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இணையத்தில் கிடைக்கும் மாற்றி ஒன்றில் பாடத்தை இட்டோம். நொடியில் தமிழானது. அதன் பிறகு எனக்கு உண்மையான வேலை தொடங்கியது. 'வெள்ளாமை' என்ற சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் 'வௌ்ளாமை' ஆகியிருந்தது. காரணம் எளிது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, ஒரே குறி. வகரத்துக்கு முன் ஒற்றைக்கொம்பும் பின் ளகரமும் வந்தால் அது 'வௌ' தான் என்று மாற்றி முடிவு செய்துவிடுகிறது. 'தெளித்தல்' சிதைந்திருந்தது. 'கெளிறு' என்ற மீனும் தப்பவில்லை. இன்னொரு மாற்றியில் இட்டால் இவை சரியாகி, 'கௌரவம்' 'கெளரவம்' ஆனது. இவை தவிர, காலுக்குப் பதில் ரகரத்தையும் ரகரத்துக்குப் பதில் காலையும் நானே தட்டியிருந்த இடங்கள். அச்சில் பத்துப் புள்ளி அளவில் கண்ணுக்குத் தெரியாத பிழை. தேடும்போதுதான் சொல் அகப்படாமல் போகிறது.

முதுகலை மாணவர்களுக்குச் சுவடிப் பதிப்பியல் நடத்தும்போது ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன்: ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது, பதிப்பாசிரியர் பொருள் நோக்கித்தான் பாடம் கொள்ள வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறும் முன் உ.வே.சா. பட்ட பாட்டை அரைமணி நேரம் விவரிப்பேன். அதே சிக்கலை என் சொந்தக் கூடத்தில், பன்னிரண்டு ஆண்டுப் பழமை மட்டுமே உள்ள ஒரு கோப்பில் நானே உண்டாக்கி வைத்திருப்பேன் என்று நினைக்கவில்லை. இரண்டு மாற்றிகளின் பாடங்களையும் அருகருகே வைத்து, சொல் சொல்லாக ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது ககரத்தின் நடுவில் இருக்கிறேன்.

கணினி விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். பழையதையே வைத்துக்கொண்டோம். 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடுதல் நினைவகம், புது மின்கலம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட். அரை நிமிடத்தில் விழிக்கிறது, சரியான தேதியில். மதிப்பெண் தளமும் திறக்கிறது. புதியது வாங்கியிருந்தாலும் கோப்புகளின் நிலை இதுவேதான்; பணம்தான் கூடுதலாகச் செலவாகியிருக்கும். பழைய வன்தட்டைத் துணியில் சுற்றி, பரணிலிருந்து இறக்கிய அட்டைப் பெட்டியில் சகரக் கட்டின் மேல் வைத்திருக்கிறேன். தரவு மீட்பதற்கென்றே இருக்கும் கூடங்களுக்கு அனுப்பலாம் என்கிறாள் மகள். செலவு அதிகம். அந்தச் செலவைப் பற்றி மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

மகளின் வற்புறுத்தலால் தமிழ்99 விசைப்பலகை பழகுகிறேன். விரல்கள் முரண்டு பிடிக்கின்றன. 'த' வேண்டும் இடத்தில் வேறொன்று வருகிறது. போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, பொலிக்கு அடுத்த அட்டையை எடுத்தேன். 'பொலிகாளை.' மதியத்துக்குள் பதினொரு அட்டைகள்தான் முடிந்தன. பன்னிரண்டாவது அட்டையின் ஓரத்தில், சிவப்பு மையில், ஐயா எழுதியிருந்தார்: "கேட்டுச் சரிபார்க்க." கீழே யாரைக் கேட்க வேண்டும் என்பதும், அவர் இருக்கும் ஊரும். திருவிடைமருதூருக்கு அந்தப் பக்கம், நகரப் பேருந்தில் முக்கால் மணி நேரம். அட்டையில் உள்ள நாள் 1998. வருகிற சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.