மோதிர விரலின் பாதி

காலை ஒன்பது மணிக்கே நரம்பியல் புறநோயாளிப் பிரிவின் வாசலில் கால் வைக்க இடமில்லை. மும்பையின் மாநகராட்சி மருத்துவமனை ஒன்று. கையில் கேஸ் பேப்பரோடு தாராவிக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள் இங்கே எப்படித் தொழில் பழகுகிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் அனுமதி வாங்கியிருந்தேன்.

"நோயாளி கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் பாதிப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்" என்றார் மூத்த மருத்துவர். கை வீசாமல் சின்னச் சின்ன அடியாக வருபவருக்குப் பார்க்கின்சன் இருக்கலாம்; காலை அரைவட்டமாகச் சுழற்றி வருபவருக்குப் பழைய பக்கவாதம். பேப்பரில் தலையைக் கவிழ்த்திருக்கும் மாணவர் இதையெல்லாம் தவறவிடுவார்.

அடுத்தது பேச்சு. எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. 'தலை சுத்துது' என்றால் அறையே சுழல்வதாக இருக்கலாம், கண் இருட்டி வருவதாக இருக்கலாம், நடை தள்ளாடுவதாகவும் இருக்கலாம். இந்தியில் 'சக்கர்' என்று எழுதிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். வலிப்பு வந்தவருக்கு நடந்தது தெரியாது. பார்த்தவரைக் கேட்க வேண்டும். "சாவிக்கொத்தைக் கையில கொடுத்தோம், நின்னுடுச்சு" என்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். ஆனாலும் ஏளனம் செய்யாமல், சாவியைத் தேடி எடுக்க எவ்வளவு நேரமானது என்று கேட்டால் வலிப்பு நீடித்த நேரம் கிடைத்துவிடும்.

பதினோரு மணிக்குத் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். திருநெல்வேலிக்காரர். விடிகாலையில் இட்லி அவித்து சைக்கிளில் விற்பவர். "வலது கை மரத்துப்போச்சும்மா" என்றார். செம்பூரில் வளர்ந்த தமிழ் மாணவி 'கை பலவீனம்' என்று எழுதிவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். மருத்துவர் தடுத்தார். "எந்த விரல் என்று கேள்."

சுண்டுவிரல் முழுக்க. மோதிர விரல்? அவர் கண்ணை மூடிக்கொள்ள, மாணவி பஞ்சு நுனியால் தொட்டாள். சுண்டுவிரலை ஒட்டிய பாதியில் ஒன்றும் தெரியவில்லை. மறு பாதியில், "இப்பம் தெரியுது" என்றார். ஒரே விரல் கோடு கிழித்தாற்போல் பிரிந்தது. மூளையிலோ கழுத்திலோ கோளாறென்றால் இப்படிப் பிரிவது அரிது. முழங்கை வழியாக வரும் அல்னார் நரம்பின் எல்லை அது. மாணவி முழங்கை எலும்புக்குப் பின்னே விரலை உருட்டிப் பார்த்தாள். "கயிறு மாதிரி தடிப்பா இருக்கு சார்." முன்கையில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல். சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம். இட்லிப் பானை சுட்டதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொழுநோய். இந்தியாவில் அது நீங்கிவிட்டதாக 2005இல் அறிவித்தார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருள், ஒழிந்துவிட்டது என்பதல்ல. மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளிகளுக்காக 1890இல் தொடங்கிய காப்பகம்தான் இன்றைக்கு வடாலாவில் ஆக்வொர்த் மருத்துவமனை. இப்போது ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும், அதுவும் இலவசமாக. செத்த நரம்பு மட்டும் எளிதில் திரும்பாது. முழங்கையைத் தொடாமல் ஒரு மாணவர் நோயாளியை அனுப்பிவிட்டால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நோயின் பெயரைச் சொல்லும் முன் மருத்துவர் கதவைச் சாத்தச் சொன்னார். மாணவி நாற்காலியை இட்லிக்காரர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"குணமாகிற நோய்தான் அண்ணாச்சி. மாத்திரையை நடுவுல விட்றாதீங்க. பானையை வெறுங்கையால தொடாதீங்க. தினம் ராத்திரி வெளிச்சத்துல கையைப் பாருங்க."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு இட்லி அவிக்கலாமாம்மா?"

"அவிக்கலாம். வீட்டுல எத்தனை பேர்?"

"ஏழு பேர். ஒரே ரூம்தான்."

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, 'பலவீனம்' என்று எழுதியதை அடித்தாள்.