விளக்கு பொய் சொல்லக் கூடாது

ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் சர்வரில் வாய்ஸ்மெயில் சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்றுதான் சொல்வேன். எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு பெட்டி, அதற்கொரு பின் நம்பர், டயல்பிளானில் இரண்டு வரி: இருபது விநாடி ரிங் கொடு, எடுக்காவிட்டால் பெட்டிக்கு அனுப்பு. பேசினால் பதிவாகிவிடும், போனில் சிவப்பு விளக்கும் எரியும். அது அணைய வேண்டிய நேரத்தில் அணைகிறதா என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸும் வாய்ஸ்மெயில் இயந்திரமும் தனித்தனியாக இருந்த காலத்தில், பல அலுவலகங்களில் இரண்டுக்கும் நடுவே ஓடியவை சாதாரண எக்ஸ்டென்ஷன் கம்பிகள்தான். அழைப்பு யாருக்கு வந்தது என்பதை இபிஏபிஎக்ஸ் டிடிஎம்எஃப் ஒலிகளாக அனுப்பிச் சொல்லும். பெரிய இடங்களில் அதற்கென்றே எஸ்எம்டிஐ என்ற சீரியல் இணைப்பு தனியாகப் போகும். பேசியவர் போனை வைத்துவிட்டதை இயந்திரம் உணராவிட்டால், பிஸி டோனையே செய்தியாகப் பதிந்துகொண்டிருக்கும். இந்தியாவில் அந்த டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். அனலாக் லைன் வரும் அலுவலகங்களில் இன்றும் கேட்வேக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால், திங்கட்கிழமை காலை எல்லா விளக்கும் எரியும். கேட்டால் 'டூ டூ' என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது.

வெற்றுச் செய்திக்கு இன்னொரு காரணம் செட்டிங்கிலேயே இருக்கிறது. எத்தனை விநாடி மௌனமாக இருந்தால் பதிவை நிறுத்துவது என்று ஒரு அளவு. எத்தனை விநாடிக்குக் குறைந்தால் செய்தியைத் தூக்கிப்போடுவது என்று இன்னொரு அளவு. இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒன்றும் பேசாமல் நிற்பவர்கூட ஒரு செய்தியை விட்டுச்செல்வார், அதற்கும் விளக்கு எரியும். மூன்று முறை ஏமாந்தவர் நான்காவது முறை விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

விளக்கை ஏற்றுவது 2004இல் வந்த ஆர்எஃப்சி 3842 வகுத்த முறை. புதிது எத்தனை, பழையது எத்தனை என்று சர்வர் ஒரு சிறு அறிவிப்பை போனுக்கு அனுப்புகிறது. சில போன்கள் தாமே சந்தா கேட்டு அதைப் பெறும். சிலவற்றுக்குக் கேட்காமலே அனுப்ப வேண்டும். ஆஸ்டெரிஸ்கின் பிஜேசிப் செட்டிங்கில் முன்னதற்குப் பெட்டியின் பெயரை ஏஓஆர் பகுதியில் எழுத வேண்டும், பின்னதற்கு எண்ட்பாயிண்ட் பகுதியில். இடம் மாறினால் பதிவு ஒழுங்காக நடக்கும், விளக்கு மட்டும் எரியாது. 'வாய்ஸ்மெயில் வேலை செய்யவில்லை' என்று எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மெயில் வந்த பிறகு சிக்கல் கூடியது. செய்தியை ஆடியோ ஃபைலாக மெயிலுக்கு அனுப்பலாம். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் மெயிலில் கேட்டது சர்வருக்குத் தெரியாது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அனுப்பியதும் அழித்துவிடு என்று வைத்தால் விளக்கு எரியவே எரியாது, அதோடு அந்த மெயில் ஸ்பாமில் விழுந்தால் செய்தியே போயிற்று. ஐமேப் சேமிப்பில் பெட்டியும் மெயிலும் ஒன்றாகிவிடும், ஆனால் அதற்கு ஆஸ்டெரிஸ்கை அந்த வசதியோடு கம்பைல் செய்ய வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆளுக்கு ஆள் கேட்டு முடிவு செய்கிறேன்: மேசையிலேயே இருப்பவருக்கு விளக்கு, வெளியே சுற்றுபவருக்கு மெயில். இரண்டும் வேண்டும் என்பவரிடம் மட்டும் கொஞ்சம் வாதாடுவேன்.

பழைய செய்திகளை ஸ்கிரிப்ட் வைத்து அழிப்பவர்கள் கவனிக்க: ஃபைலை வெளியிலிருந்து நீக்கினால் ஆஸ்டெரிஸ்க் தானாக அறியாது. பெட்டிகளை அவ்வப்போது எட்டிப்பார்க்கச் சொல்லும் செட்டிங்கை இயக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் இடைவெளி 30 விநாடி.

பொதுப் பெட்டிதான் எனக்கு இன்னும் முழுத் திருப்தி தராதது. சர்வீஸ் பிரிவில் நான்கு போனுக்கு ஒரே பெட்டி. ஒருவர் கேட்டால் நான்கு விளக்கும் அணையும். சர்வர் சொல்வது சரிதான், புதிய செய்தி இல்லை. ஆனால் வாடிக்கையாளரைத் திருப்பி அழைத்தார்களா? அது எந்த அறிவிப்பிலும் இல்லை. அதனால் அந்தப் பெட்டியை மட்டும் விளக்கில்லாமல் புகார் பதியும் மென்பொருளின் மெயில் முகவரிக்கு விட்டுவிடுகிறேன். அங்கே ஒருவர் பெயர் போட்டு எடுத்துக்கொள்ளும் வரை செய்தி திறந்தே கிடக்கும்.