கொல்லிமலையும் கொல்லன் உலையும்

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேற்பரப்பை அடையலாம். அங்கே கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சிற்றூர்கள் பள்ளத்தாக்குதோறும் பரவிக் கிடக்கின்றன. அறப்பளீசுவரர் கோவிலையும் ஆகாய கங்கை அருவியையும் காண வருவோர் பலர். அவற்றைக் குறித்துப் பலரும் எழுதியுள்ளமையால், யாரும் அதிகம் நோக்காத ஒன்றை ஈண்டு வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம். அது இம்மலை மக்களின் இடையில் தொங்கும் அரிவாளின் கூர்மை.

இம்மலைக்கும் கூரிய இரும்பிற்கும் உள்ள தொடர்பு பழமையானது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி இங்கு ஆண்டவன். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் புகழ்கிறார். புலவரின் மிகைக்கு உரியதைக் கழித்தாலும், அக்காலத்துக் கொல்லரின் திறமைக்கு அது சான்றாகும். தென்னாட்டு உருக்கின் புகழ் கடல் கடந்தது. இலண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து 1819இல் கட்டுரை வெளியிட்டார்.

இன்று மலையில் வேலை பலவிதம். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடிக்கு வெளிச்சம் விடக் கிளை கழிக்க வேண்டும். காப்பிச் செடியைக் கவாத்து செய்ய வேண்டும். வாழைத்தார் வெட்ட வேண்டும். சாமையும் தினையும் அறுக்க வேண்டும். வேலைக்கேற்பக் கருவியும் மாறும். மரம் கழிக்கும் அரிவாளின் வாய் தடித்திருக்கும். அதனை மிகவும் மெல்லியதாகத் தீட்டினால் முதல் வெட்டிலேயே பல் விழும். கதிர் அறுக்கும் கருக்கரிவாளோ மெல்லியது. அதன் வாயில் உளியால் வரிசையாகப் பல் வெட்டியிருப்பர். புல்லினப் பயிர்களின் தாளில் மணலை ஒத்த நுண்பொருள் உண்டு. அதனால் எத்தகைய அரிவாளும் அறுவடையில் விரைவில் மழுங்கிவிடும்.

நாம் சென்றிருந்த நாளில் முதிய கொல்லர் ஒருவர் பட்டறையில் வேலையாயிருந்தார். பழைய லாரிப் பட்டையே அவருக்கு மூலப்பொருள். நல்ல உருக்காதலால் எறியத் தகாதது என்றார். உலையில் செந்நிறமாகக் காய்ச்சிப் பட்டடையில் வைத்து அடித்து, அரத்தால் வாய் எடுத்து, மீண்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தார். அப்போது அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். எனவே சிறிது சூடேற்றி அக்கடுமையைத் தணிக்க வேண்டும். தேய்த்து வெளுக்கச் செய்த வாயில் முதலில் இளமஞ்சளும், பிறகு பழுப்பும் ஊதாவும், இறுதியில் நீலமும் ஓடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதே கொல்லரின் கல்வி. நிழலில் நின்று பார்த்தாலொழிய அந்நிறம் கண்ணுக்குப் பிடிபடாது.

மின்சாணையில் தீட்டிய ஓர் அரிவாளை அவர் எடுத்துக் காட்டினார். அதன் வாயோரம் நீலம் பாய்ந்திருந்தது.

“பாருங்க சாமி, நெருப்பு வாயைத் தின்னு போட்டுது. இனி இது எத்தனை தீட்டினாலும் நிக்காது” என்றார்.

“அப்படியானால் என்ன செய்வது, பெரியவரே?” என்றோம்.

“தண்ணியிலே அடிக்கடி நனைச்சுப் பிடிக்கணும். இல்லேன்னா மறுபடி காய்ச்சி அடிக்கணும்” என்றார்.

உலகெங்கும் இவ்விதி ஒன்றே. ஆல்ப்ஸ் மலைகளின் பனிச்சரிவில் ஒற்றைப் பலகைமீது நின்று சறுக்குவோர் உளர். பலகையின் விளிம்பில் பதித்த உருக்கு, இறுகிய பனியைப் பற்றினால்தான் அவர்கள் வளைந்து திரும்ப இயலும்; பற்றாவிடில் உருள வேண்டியதே. ஆகவே அவ்விளிம்பை 88 அல்லது 87 பாகையாக அரத்தால் தீட்டி, எழும் பிசிரைக் கல்லால் நீக்குகின்றனர். அவர்கள் விளையாட்டிற்காகச் செய்வதை நம் மலைமக்கள் வயிற்றுக்காகச் செய்கின்றனர். மழுங்கிய அரிவாள் ஈரக் கிளையில் வழுக்கிக் காலில் பாய்வதுண்டு.

ஆயினும் உலைகள் குறைந்து வருகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. கிழங்கைத் தோண்டி எடுக்கக் கருக்கரிவாள் தேவையில்லை. களத்தில் கொல்லருக்குத் தானியம் அளக்கும் பழைய வழக்கம் தமிழகத்து ஊர்களில் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. கடையில் அச்சில் வார்த்தாற்போன்ற அரிவாள்கள் கிடைக்கின்றன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க உழைத்துள்ளது. 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது. விதை காக்கப்படுவது நன்று. அக்கதிரை அறுக்கும் கருவிக்குப் பல் வெட்டத் தெரிந்த கையும் காக்கப்பட வேண்டாமா? அப்பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அதில் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உலைக்களத்து வருவாய் ஒரு குடும்பத்திற்குப் போதாது.

நம் இல்லங்களிலும் அரிவாள்மணை உண்டு. அதனைத் தீட்டும் தாய்மாருக்குப் பெரியவர் கூறியனுப்பிய முறை இது: கல்லை நனையுங்கள், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சாய்வில் தேயுங்கள், ஒரு பக்கம் பிசிர் எழுந்ததும் மறுபக்கம் திருப்புங்கள், கூர் பார்க்க விரலை வாயின் நீளத்தில் ஓட்டாதீர்கள், ஈரம் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவுங்கள். வாய் மிகவும் தேய்ந்துவிட்டால் குப்பையில் எறியாமல், அருகில் எங்கேனும் ஓர் உலை எரிகிறதா என்று விசாரியுங்கள்.